கொலை வழக்கு என்றால் கத்தி மட்டும்தானா?
துப்புத் துலங்காத பழைய கொலை வழக்கைப் பள்ளி புராஜெக்ட்டாகக் கொடுத்தால் பிள்ளைகளுக்கு ரத்தத்தின் மேல்தான் ஆர்வம் வரும் என்று இந்தக் கட்டுரை சொல்வதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. கோபிசெட்டிபாளையத்தில் ஒன்பதாவது படிக்கும் என் மகள் எடுத்தது லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. சினிமாக்காரர்களைப் பற்றிக் கிசுகிசு எழுதிய பத்திரிகைக்காரரான லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் கத்திக்குத்துப்பட்டு மறுநாள் இறந்துபோனார், நடிகர்கள் தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கே.யும் (என்.எஸ்.கிருஷ்ணன்) கைதானார்கள், சரி, அது எல்லாருக்கும் தெரியும். கூடவே கைதாகி விசாரணையில் விடுதலையான ஸ்ரீராமுலு நாயுடு நம்ம கோயமுத்தூர் பட்சிராஜா ஸ்டுடியோக்காரர் என்பது அவள் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. கத்தியும் ரத்தமும் அவளுக்கு ஒரே பக்கத்தில் முடிந்துவிட்டது. மீதி முழுக்க, ஜூரி குற்றவாளி என்று சொன்ன இரண்டு பேரும் அப்போது கடைசி மேல்முறையீட்டு இடமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1947இல் எப்படி வெளியே வந்தார்கள், சிறையில் போன இரண்டு வருடத்துக்கு மேலான காலத்தை யார் திருப்பித் தருவது என்றுதான் எழுதினாள். மேலே கருத்து எழுதிய ஒருவர், எல்லாம் நெட்டில் பார்த்துக் காப்பி அடிப்பதுதானே என்கிறார். இல்லைங்க, வீட்டில் அவளுடைய அப்பாரு (தாத்தா) "பாகவதர்தான்னு அப்பவே ஊரெல்லாம் பேச்சு கண்ணு" என்றார், உடனே "யாரு பார்த்தாங்க அப்பாரு?" என்று கேட்டு அதையும் நோட்டில் குறித்துக்கொண்டாள். அப்பாருக்குப் பதில் சொல்ல முடியவில்லை.