டிசம்பர் 1 யாரையும் திட்டுவதற்காக வந்த நாள் இல்லை

உலக எய்ட்ஸ் தின விழா ஒன்றின் வீடியோ சுற்றுகிறதே, அதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சிவப்பு ரிப்பன் கோலம், உறுதிமொழி, கடைசியில் சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்து, "ஒழுக்கமா இருந்தா இந்த நோய் ஏன் வரப்போகுது?" என்கிறார். அரங்கமே கைதட்டுகிறது. இப்படிப் பேசலாமா என்று அதன் கீழே நான் எழுதிய ஒரு வரிக்கு விழுந்த வசவுகளையும் பார்த்திருப்பீர்கள். சரி, ஒரு வரி போதவில்லை போல.

1987இல் ஜெனீவாவில், உலக சுகாதார நிறுவனத்தின் எய்ட்ஸ் பிரிவில் இருந்த ஜேம்ஸ் பன், தாமஸ் நெட்டர் என்ற இரண்டு தகவல் அலுவலர்களுக்குத் தோன்றிய யோசனை இந்த நாள். பிரிவின் தலைவர் ஜோனதன் மான் ஒப்புக்கொள்ள, 1988இல் முதல் முறை நடந்தது. ஏன் டிசம்பர் 1? அமெரிக்கத் தேர்தல் செய்தி ஓய்ந்திருக்கும், கிறிஸ்துமஸ் களேபரம் தொடங்கியிருக்காது, பத்திரிகையில் இடம் கிடைக்கும். டிவி செய்தியாளராக இருந்த பன் போட்ட கணக்கு அது. இதில் ஒழுக்கம் எங்கே வந்தது? ஊர் வாய் திறந்து பேசட்டும் என்று உண்டாக்கிய நாளில், நாம் மேடை போட்டு வாயை அடைக்கிறோம்.

அதுவும் சென்னை இருக்கிற மாநிலத்தில்! 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமன் சொல்லி, மருத்துவ மாணவி நிர்மலா செல்லப்பன் பாலியல் தொழிலாளிப் பெண்களிடம் ரத்த மாதிரி எடுத்து, வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்து, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குப் பரிசோதிக்கக் கொண்டுபோனார். ஆறு பேருக்கு எய்ட்ஸை உண்டாக்கும் எச்.ஐ.வி. வைரஸ் இருந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் தெரியவந்தது அப்படித்தான். அவர் ஒழுக்கச் சான்றிதழ் கேட்டுவிட்டா ரத்தம் எடுத்தார்?

"விருந்தினர் நல்ல எண்ணத்தில்தானே சொன்னார்?" என்று கமெண்டில் கேட்கிறார்கள். இருக்கலாம்.

"பயம் இருந்தால்தான் பிள்ளைகள் ஜாக்கிரதையாக இருப்பார்கள்." பயந்தவன் டெஸ்ட் எடுக்கப் போகமாட்டான் ஐயா, அவ்வளவுதான் நடக்கும். "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று முன்பு வந்த விழிப்புணர்வு போஸ்டர் ஞாபகம் இருக்கிறதா? ராஜா என்று பேர் வைத்திருந்தவர்கள் பாடு திண்டாட்டம். ஆனால் டீக்கடையில்கூட எய்ட்ஸ் பற்றிப் பேசினார்கள்.

எங்கள் உறவில் ஓர் அக்கா. யாரென்று சொல்லமாட்டேன், தேடவும் வேண்டாம். கட்டிய கணவனைத் தவிர யாரையும் ஏறிட்டுப் பார்க்காதவர். அந்தக் கணவரிடமிருந்துதான் அக்காவுக்கு எச்.ஐ.வி. வந்தது. வைரஸை அடக்கி வைக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரை 2004 முதல் அரசு மருத்துவமனையில் இலவசம். பக்கத்து ஊரிலேயே கிடைக்கும். ஆனால் தெரிந்த முகம் எதிர்ப்படுமோ என்று மாவட்டம் தாண்டிப் போய் வாங்குகிறார். டப்பாவின் லேபிளைக் கிழித்து, குலுங்கினால் சத்தம் வராமலிருக்க உள்ளே பஞ்சு அடைத்துப் பையில் போடுவார். மாத்திரையை விடாமல் எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கி அப்படியே நீடித்தால், உடலுறவு வழியாக அடுத்தவருக்குத் தொற்றாது. இதை அந்த மேடையில் ஒருத்தராவது சொன்னீர்களா? கோலத்துக்குப் பரிசு மட்டும் மூன்று.

அந்த வீடியோவைப் பெருமையாகப் பகிர்ந்தவர்களில் அக்காவின் சொந்தத் தம்பியும் ஒருவர். அவருக்கு விஷயம் தெரியாது. இனி அக்கா எப்படிச் சொல்வார் அவரிடம்?

அப்புறம், "உனக்கு ஏன் இவ்வளவு எரிகிறது, உனக்கும் இருக்கா?" என்று சிரிப்பு பொம்மையோடு கேட்ட அண்ணனுக்கு: இருந்தால் என்ன செய்வீர்கள்? நிஜமாகவே கேட்கிறேன். சில விதிவிலக்குகள் தவிர, என் சம்மதம் இல்லாமல் அதை வெளியே சொல்ல யாருக்கும் உரிமை இல்லை என்று 2017இல் சட்டமே போட்டாகிவிட்டது. உங்களுக்குப் பதில் சொல்லும் கடமை எனக்கு இல்லை. கமெண்டை அழிக்கவும் மாட்டேன். உங்கள் பெயரோடு அங்கேயே கிடக்கட்டும்.