ரூமி 'ஐஎன்எஃப்ஜே' வகையா? இல்லை, அப்படி ஒரு சோதனையே நடக்கவில்லை

"சூஃபிக் கவிஞர் ரூமி ஐஎன்எஃப்ஜே ஆளுமை, கூட்டத்தை விட்டு ஒதுங்கி வாழ்ந்தவர், உளவியல் சோதனையில் நிரூபணமானது" என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு. ஐஎன்எஃப்ஜே (INFJ) என்பது ஓர் ஆளுமைச் சோதனை தரும் நான்கெழுத்து வகைகளில் ஒன்று; அதன் முதல் எழுத்தான 'ஐ' உள்முக சுபாவத்தைக் குறிக்கும்.

ரூமி இன்றைய துருக்கியில் உள்ள கொன்யா நகரில் 1273இல் இறந்தார். இந்த நான்கெழுத்து வகைகளைத் தரும் மையர்ஸ்-பிரிக்ஸ் சோதனை, உளவியலாளர் கார்ல் யுங் 1921இல் வெளியிட்ட கருத்துகளை ஒட்டிப் பிறந்தது. கேள்விகளுக்கு அந்த ஆளே பதில் சொன்னால்தான் வகை கிடைக்கும். வேறு யாரோ ஊகித்து டிக் அடித்தால் அது சோதனை ஆகாது.

ஒதுங்கி வாழ்ந்தாரா? மதரஸாவில் மாணவர்கள் சூழப் பாடம் நடத்தியவர் அவர். ஆட்சியாளர்களுக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றில் பல, அடுத்தவருக்காக உதவி கேட்பவை. ஆறு பாகங்கள் கொண்ட மஸ்னவி என்ற நெடுங்கவிதையைக்கூட அவர் சொல்லச் சொல்ல, சீடர் ஹுசாமுத்தீன்தான் எழுதிக்கொண்டார்.

சரி, கவிதைகளில் மௌனம் அடிக்கடி வருகிறதே என்று கேட்கலாம். உண்மைதான். அவருடைய பல கஸல்கள், அதாவது ஈரடிகளால் ஆன சிறு கவிதைகள், 'காமோஷ்' என்று முடியும். பாரசீகத்தில் 'பேசாதிரு' என்று பொருள். ஆனால் கஸலின் அந்தக் கடைசி இடம், கவிஞர் தன் பெயரைப் பொறிக்கும் இடம். ரூமி அங்கே மௌனத்தை வைத்தார். இன்னும் பல கஸல்களில், 1244இல் கொன்யாவுக்கு வந்து தன்னை அடியோடு மாற்றிய சூஃபி ஞானி ஷம்ஸின் பெயரை வைத்தார். 'நான்' கரைந்துபோவதைப் பாடிய அந்த வரிகளைக் கூச்ச சுபாவம் என்று படிப்பது பெரிய அநியாயம்.