பிரிட்டனில் ஆய்வு நிதி கட்டுரைகளை எண்ணித் தரப்படுவதில்லை

"பிரிட்டனில் எத்தனை கட்டுரை, எந்த இதழில் வந்தது என்று எண்ணித்தான் பல்கலைக்கழகங்களுக்கு அரசு ஆய்வு நிதி தருகிறது" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். அது சரியல்ல.

அங்கே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை 'ரெஃப்' (Research Excellence Framework) என்ற, பல்கலைக்கழகங்களின் ஆய்வுத் தரத்தை அளக்கும் மதிப்பீடு நடக்கிறது; அதன் முடிவை வைத்தே இந்த நிதி பிரிக்கப்படுகிறது. கடைசியாக நடந்தது 2021 சுற்று; முடிவு 2022 மே மாதம் வந்தது. 34 துறைப் பிரிவுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குழு. அந்தத் துறை ஆய்வாளர்களே கட்டுரை, நூல் போன்ற படைப்புகளைப் பார்த்து, தரத்துக்கேற்ப நான்கு வரை நட்சத்திரம் தருகிறார்கள். இதழின் இம்பாக்ட் ஃபாக்டரை (அதன் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற அளவை) பயன்படுத்தக் கூடாது என்பது விதி. மேற்கோள் எண்ணிக்கையைச் சில குழுக்கள் துணைத் தகவலாக மட்டும் பார்க்கலாம். ஒரு முழுநேர ஆய்வாளருக்குச் சராசரியாக 2.5 படைப்புகள்தான் அனுப்ப முடியும் என்பதால், கட்டுரைகளைக் குவித்தும் பயனில்லை. அப்புறம், அந்தச் சுற்றின் மொத்த மதிப்பெண்ணில் படைப்புகளுக்கு 60 சதவீதம்தான். ஆய்வால் சமூகத்தில் விளைந்த பயனுக்கு 25, ஆய்வுச் சூழலுக்கு 15.

நீங்கள் கோபப்பட வேண்டிய இடம் வேறு. இங்கிலாந்தில் நான்கு நட்சத்திர ஆய்வுக்கும் மூன்று நட்சத்திர ஆய்வுக்கும் பணம் 4:1 என்ற விகிதத்தில் போகிறது. ஆய்வாளர் எண்ணிக்கையும் கணக்கில் சேரும். ஆய்வுக்கூடச் செலவு அதிகமுள்ள துறைகளுக்குக் கூடுதல் எடை உண்டு. இரண்டு நட்சத்திரம் என்றால் சர்வதேச அளவில் அறியப்படும் தரம் என்று அவர்களே வரையறுத்திருக்கிறார்கள். அதற்கு ஒரு பவுண்டுகூடக் கிடையாது! இதனால் பணத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே வலுவான சில பல்கலைக்கழகங்களுக்கே போய்ச் சேருகிறது. சிறிய பல்கலைக்கழகத்தில் வளர்ந்துவரும் துறை எதை வைத்து மேலே வரும்?