திருட்டு என்று சொன்னால் பேச்சு முடிந்துவிடுமா?

பாடநூலின் இரண்டு அத்தியாயங்களை ஜெராக்ஸ் எடுக்கும் மாணவியை ‘அறிவுத் திருடி’ என்று நாகர்கோவிலில் ஒரு நண்பர் சொன்னார். அந்தச் சொல் எனக்குப் பொறுக்கவில்லை. திருட்டு என்று பெயர் வைத்துவிட்டால், எவ்வளவு நகல், எதற்காக என்ற கேள்விகளுக்கே இடமில்லாமல் போகிறது.

1860இன் தண்டனைச் சட்டம் தொட்டு, அசையும் பொருளை ஒருவர் வசத்திலிருந்து நேர்மையற்று எடுப்பதுதான் திருட்டு. பதிப்புரிமை மீறலுக்கு 1957இல் வந்த தனிச் சட்டம் இருக்கிறது. முழு நூலையும் அச்சடித்து விற்று எழுத்தாளர் வயிற்றில் அடிப்பவரை அது சிறைக்கு அனுப்பும், அனுப்பட்டும். அதே சட்டம்தான் சொந்தப் படிப்புக்கும் கற்பித்தலுக்கும் விலக்கு தருகிறது. டெல்லி பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை வழக்கில் 2016இல் உயர் நீதிமன்றமும் கற்பித்தலுக்கான விலக்கை விரிவாகவே பொருள் கொண்டது.

சொல் வெறும் சொல்லாக நிற்பதில்லை. தமிழ்நாட்டின் குண்டர் தடுப்புச் சட்டத்தில் 2004இல் ‘வீடியோ பைரேட்ஸ்’, அதாவது படங்களை அனுமதியின்றி நகலெடுத்து விற்பவர்கள், சேர்க்கப்பட்டார்கள். கள்ளச்சாராயம் காய்ச்சுபவரோடு ஒரே வரிசையில் வைத்து, விசாரணையின்றி 12 மாதம் வரை அடைத்துவைக்கலாம். கடற்கொள்ளையர் என்று பொருள்படும் பெயர் முன்பே ஒட்டியிராவிட்டால், இதை இவ்வளவு எளிதாக ஏற்றிருப்போமா?

நம் பக்கமும் சும்மா இல்லை. மஞ்சளால் காயம் ஆற்றுவதற்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை தரப்பட்டபோது ‘உயிரிக் கொள்ளை’ என்றோம், நம் மரபறிவை வேறொருவர் தன் உரிமையாக்கிக்கொள்கிறார் என்ற பொருளில். கோபம் நியாயமானது. ஆனால் 1997இல் அதை ரத்து செய்ய வைத்தது அந்த முழக்கம் அல்ல. பழைய நூல்களைச் சான்றாக வைத்து, இதில் புதுமை எதுவும் இல்லை என்று நம் அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் எடுத்துவைத்த வாதம்.

2023இல் கன்னியாகுமரி மட்டிப் பழத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரெல்லாம் ‘காப்புரிமை’ என்றே பேச்சு. கல்குளம் பக்கத்து விவசாயி ஒருவர், “இனி மட்டிக் கன்று நட யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா, சார்?” என்று கேட்டார். அவர் பயம் அந்தச் சொல்லிலிருந்து வந்தது. காப்புரிமை 20 ஆண்டு நிற்கும் தனி உரிமை, விற்கலாம். குறியீடு அந்த வட்டாரத்து உற்பத்தியாளர்களுக்குப் பொதுவானது. விற்கவோ அடகு வைக்கவோ முடியாது. கன்று நடுவதை அது தடுப்பதில்லை. வேறெங்கோ விளைந்த பழத்தைக் கன்னியாகுமரி மட்டி என்று விற்பதைத்தான் தடுக்கிறது. நம் ஊர்ச் செய்தியாளர்கள் இந்த வேறுபாட்டை ஒருமுறையாவது தெளிவாக எழுத வேண்டும்.