ஓட ஒரு இடம் இல்லை

புதுச்சேரியில் இருந்துகொண்டு ஓட இடமில்லை என்றால் சிரிக்கிறார்கள், அதான் பீச் ரோடு இருக்கிறதே என்று. இருக்கிறது, மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டிகூட விடுவதில்லை, காந்தி சிலையைத் தாண்டும்போது கடல் காற்று முகத்தில் அடிக்கும், எல்லாம் சரி. ஆனால் நான் இருப்பது ரெட்டியார்பாளையத்தில். அரை மணி நேரம் ஓடுவதற்கு வண்டியை எடுத்து, சிக்னல் சிக்னலாக நின்று, பார்க்கிங் தேடி... அட போங்கப்பா.

வீட்டுப் பக்கமே ஓடலாம் என்று இறங்கினால் இரண்டாவது தெருமுனையில் அந்தச் செவலை நாய். நடந்து போனால் கண்ணைக்கூடத் திறக்காது. ஓடினால் போதும், அதன் சொந்தபந்தம் மொத்தமும் வந்துவிடும். மெயின் ரோட்டில் நடைபாதை முழுக்க பைக், கடைச் சாமான், ஆடுகிற சாக்கடை சிலாப். அதில் கால் மாட்டி கணுக்கால் வீங்கியதுதான் மிச்சம். அப்புறம் ஒரு மைதானம், எப்போதும் பூட்டு. வாட்ச்மேன் அண்ணனைக் கேட்டால் "சாவி சார்கிட்ட இருக்கு" என்கிறார், எந்தச் சார் என்று அவருக்கும் தெரியாது.

இப்போது மொட்டை மாடியில் எட்டுப் போட்டு ஓடுகிறேன். நேற்று கீழ்வீட்டு அக்கா ஏறி வந்து, "தம்பி, மேல மாவு இடிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.