இருபது பேர் எழுதிய தேர்வும் அதன் விழுக்காடும்

ஒரு சிற்றூர் அரசுப் பள்ளியின் தேர்ச்சி விகிதம் 95-இலிருந்து 80-ஆக இறங்கினால், ஆசிரியர்கள் அக்கறையற்றுப் போய்விட்டார்கள் என்ற பேச்சு உடனே எழுந்துவிடுகிறது. தேர்வெழுதுவோர் 20 பேர்தான் என்றால் ஒரு மாணவரின் எடை 5 விழுக்காடு. அதாவது அந்தச் சரிவு முழுவதும் மூன்று பிள்ளைகளைப் பற்றியது. 200 பேர் எழுதும் பள்ளியில் அதே மூவர் கூடுதலாகத் தவறினால் ஒன்றரை விழுக்காடு குறையும், யார் கண்ணிலும் படாது. தரவரிசைகளின் உச்சியிலும் அடியிலும் சிறிய பள்ளிகளே மிகுதியாகத் தென்படுவதற்கு இதுவே முக்கியக் காரணம். உச்சியை மட்டும் பார்த்து ஏமாந்தவர்களும் உண்டு: சிறிய உயர்நிலைப் பள்ளிகளை உருவாக்க அமெரிக்காவில் பெரும் பணம் செலவிட்ட கேட்ஸ் அறக்கட்டளையின் பில் கேட்ஸே, அவற்றுள் பல எதிர்பார்த்த முன்னேற்றத்தைக் காட்டவில்லை என்று 2009-இல் எழுதினார்.

மாணவர் சேர்க்கைக் குறைவை இதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டும். பிறப்பு குறைவதும் குடும்பங்கள் வேலை தேடி வெளியேறுவதும் எந்தத் தலைமையாசிரியரின் கையிலும் இல்லை. மிஞ்சும் குடும்பங்களிலும் கட்டணமும் போக்குவரத்துச் செலவும் தாங்கக்கூடியவர்களே முதலில் வேறு பள்ளிக்கு மாறுகிறார்கள். வீட்டில் பாடம் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளைகளின் பங்கு அரசுப் பள்ளியில் கூடுவதால், கற்பித்தல் சற்றும் மாறாமலே சராசரி இறங்குகிறது. இறங்கிய சராசரியைப் பார்த்து இன்னும் சிலர் விலகுகிறார்கள். குடும்பப் பின்னணி மதிப்பெண்ணை எவ்வளவு ஆழமாகத் தீர்மானிக்கிறது என்பதை அமெரிக்கப் பள்ளிகளை ஆராய்ந்து 1966-இல் வெளியான கோல்மன் அறிக்கையே விரிவாகக் காட்டிவிட்டது.

இதற்கு மேல்தான் நிர்வாகக் கணக்கு வருகிறது. தலைக்கணக்குப்படி பணியிடம் ஒதுக்கும் முறையில், வகுப்புக்கு நால்வர் வீதம் 40 பேர் குறைந்தால் ஓர் ஆசிரியர் உபரியாகக் கருதப்படுகிறார். ஆனால் வகுப்புகளின் எண்ணிக்கை ஒன்றுகூடக் குறைவதில்லை. அறிவியல் ஆசிரியர் மாற்றலாகிப் போனபின் அப்பாடத்தை எடுப்பவர் யார் என்ற கேள்விக்கு எந்த ஆணையிலும் பதில் இருப்பதில்லை. (மறு ஆண்டு அறிவியலில் தேர்ச்சி குறைந்ததற்கு விளக்கம் கேட்டுக் கடிதம் மட்டும் தவறாமல் வரும்.)

இவ்வாறு சொல்வதால் எல்லாச் சிறிய பள்ளிகளும் நன்றாக நடக்கின்றன என்று நான் வாதிடவில்லை. மோசமாக நடப்பவையும் உண்டு, அவற்றை ஓராண்டு விழுக்காட்டால் அடையாளம் காண முடியாது என்பதே என் வாதம். ஐந்தாண்டு முடிவுகளைச் சேர்த்துப் பார்க்கலாம். பொதுத் தேர்வுக்கு மூன்றாண்டுகளுக்கு முன் வகுப்பில் இருந்தவர்களுள் எத்தனை பேர் தேர்வறை வரை வந்தார்கள் என்று கேட்கலாம். பலவீனமான பிள்ளைகளை முந்தைய வகுப்பிலேயே நிறுத்தியோ வெளியே அனுப்பியோ நூறு விழுக்காடு காட்டும் பள்ளிகள் இக்கேள்வியில் சிக்கிக்கொள்ளும், அவை தனியார் பள்ளிகளானாலும் சரி. பணியிடங்களைப் பொறுத்தவரை, குறிப்பிட்ட எண்ணிக்கைக்குக் கீழே இறங்கிய பள்ளிகளுக்குத் தலைக்கணக்கை விட்டுவிட்டு, வகுப்பையும் பாடத்தையும் கணக்கிட்டே ஆசிரியர்களை ஒதுக்க வேண்டும்.