கண்காட்சி முடிந்த பிறகு எடுத்த படம் இருக்கிறதா?

சிகாகோவின் வெள்ளை நகரம் மறுபடியும் முகநூலில் உலா வருகிறது. 1893ஆம் ஆண்டு உலகக் கண்காட்சியின் கறுப்பு வெள்ளைப் படங்கள்: நீண்ட குளம், அதைச் சுற்றி ரோமாபுரி அரண்மனைகளைப் போன்ற மாளிகைகள், அப்பழுக்கில்லாத வானம். படத்தின் கீழே வழக்கம்போல் இரண்டு வகைக் குரல்கள். முதல் வகை, "இதை அழிக்க எப்படித்தான் மனம் வந்ததோ" என்று உருகுகிறது. இரண்டாம் வகை இன்னும் மோசம். "ஆறு மாதக் கூத்துக்காக யாராவது இப்படி ஒரு நகரத்தைக் கட்டுவார்களா? இது ஏதோ பழைய நாகரிகத்தின் தலைநகரம், நம்மிடம் மறைக்கிறார்கள்" என்று ஆரம்பித்து டார்டாரியப் பேரரசு என்ற இணையக் கட்டுக்கதை வரை போய்விடுகிறது.

இரண்டாம் வகையினருக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதிக நேரம் பிடிக்காது. அந்த மாளிகைகளின் மேனி கல் அல்ல. இரும்பும் மரமும் சேர்ந்த சட்டங்களின் மேல் நாரும் பாரிஸ் சாந்தும் கலந்து அப்பிய பூச்சு. நம் ஊர் அரசியல் மாநாட்டு முகப்பில் நிற்கும் தெர்மகோல் கோட்டைக்குக் கொஞ்சம் வசதியான அண்ணன், அவ்வளவுதான். அதைக் கட்டியபோது எடுத்த படங்களும் காப்பகங்களில் இருக்கின்றன. கட்டுமானத்தைப் படமெடுக்கும் பழக்கம் அதற்கும் நாற்பது ஆண்டுகள் மூத்தது. லண்டன் ஹைட் பார்க்கில் 1851இல் நின்ற கண்காட்சி மாளிகையான கிரிஸ்டல் பேலஸைக் கழற்றிக்கொண்டுபோய் சிடனம் குன்றில் மீண்டும் எழுப்பியபோது, பிலிப் ஹென்றி டெலமோட் என்ற புகைப்படக்காரர் அந்த வேலையைத் தொடர்ந்து படமெடுத்தார். வெறும் எலும்புக்கூடாக நிற்கும் இரும்பு வளைவுகள், அடியில் எறும்பளவில் தொழிலாளர்கள். ஆல்பமாகவே அச்சிட்டு வெளியிட்டார்கள். மறைக்க நினைப்பவர்கள் செய்யும் வேலையா இது?

எனக்கு வழக்கு முதல் வகையினரோடுதான். அவர்கள் நல்லவர்கள், அழகை நேசிப்பவர்கள். ஆனால் அவர்கள் அழுவது ஒரு கட்டடத்துக்காக அல்ல, ஒரு விளம்பரப் படத்துக்காக.

சிகாகோ கண்காட்சியின் அதிகாரபூர்வப் புகைப்படக்காரர் சார்லஸ் டட்லி ஆர்னால்ட். படமெடுக்கும் உரிமையை நிர்வாகம் கெட்டியாகப் பிடித்து வைத்திருந்தது. உள்ளே நுழையக் கட்டணம் அரை டாலர். சொந்தமாகச் சிறிய கையடக்கக் கேமரா கொண்டுவந்தால் அதற்கு மட்டும் நாளுக்கு இரண்டு டாலர். முக்காலி கூடவே கூடாது. அதாவது ஆளுக்கு வாங்கியதைப்போல் நான்கு மடங்கை அந்த ஆளின் கேமராவுக்கு வாங்கினார்கள். எந்தக் கோணத்தில், எந்த வெளிச்சத்தில், எவ்வளவு கூட்டத்தோடு அந்த நகரம் நினைவில் நிற்க வேண்டும் என்பதை நிர்வாகமே முடிவு செய்தது. இன்று நாம் பகிர்ந்துகொண்டிருப்பது அந்த முடிவைத்தான். ஆறு மாதத்தில் ஏறக்குறைய 2 கோடியே 70 லட்சம் பேர் நுழைந்த இடம் பல படங்களில் ஆளரவமற்றுக் கிடப்பதைப் பார்த்து ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு.

அதனால் இப்படிப்பட்ட படம் எதைக் கண்டாலும் எனக்குள் எழும் கேள்வி ஒன்றுதான். கண்காட்சி முடிந்த பிறகு எடுத்த படம் இருக்கிறதா? கொடிகளை இறக்கி, கடைசி டிக்கெட்டையும் கிழித்து, கூட்டம் வீட்டுக்குப் போன பிறகு அந்தக் கட்டடம் என்ன வேலை செய்து பிழைத்தது?

வெள்ளை நகரத்தின் பெரிய மாளிகைகள் 1894 ஜூலையில் தீயில் போயின. நுண்கலை மாளிகை தப்பியது. அழகில் மற்றவற்றைவிட உயர்ந்தது என்பதற்காக அல்ல. விலை மதிப்பற்ற ஓவியங்களை இரவல் கொடுத்தவர்கள் தீப்பிடிக்காத கட்டடம் வேண்டும் என்றதால், அதற்கு மட்டும் பூச்சுக்கு உள்ளே செங்கல் சுவர் வைத்தார்கள். முதலில் ஃபீல்ட் அருங்காட்சியகம் குடிவந்தது. அது 1920 வாக்கில் வேறிடம் போனதும் பூச்சு உதிர்ந்து கட்டடம் சொறி பிடித்தாற்போல் நின்றது. பிறகு தொழிலதிபர் ஜூலியஸ் ரோசன்வால்ட் பணம் கொடுக்க, வெளிப்புறம் முழுவதும் சுண்ணாம்புக் கல்லில் புதுப்பிக்கப்பட்டு, 1933இல் அறிவியல் தொழில் அருங்காட்சியகமாகத் திறந்தது. இன்றும் இயங்குகிறது. பூச்சு உதிர்ந்து நின்ற அந்த ஆண்டுகளின் படங்களை யாரும் பகிர்வதில்லை. கட்டடத்தின் உண்மையான கதை அதில்தான் இருக்கிறது: தோல் போனாலும் உள்ளே செங்கல் இருந்தது, உள்ளே வர ஆளும் இருந்தது.

இன்னொன்று சொல்கிறேன். நியூயார்க்கில் 1939 கண்காட்சிக்காக ஃபிளஷிங் மெடோஸ் பூங்காவில் நகராட்சி கட்டிய அரங்கு. பார்க்க ஒரு சுவாரசியமும் இல்லாத பெட்டி. கண்காட்சி முடிந்ததும் அதைச் சறுக்கு விளையாட்டுத் திடலாக்கிவிட்டார்கள். 1946இல் ஐக்கிய நாடுகள் சபைக்குச் சொந்த இடம் இல்லை. எனவே அந்தச் சறுக்குத் திடலை மூடி, பொதுச்சபையை அங்கே கூட்டினார்கள். பாலஸ்தீனத்தைப் பிரிப்பதற்கான வாக்கெடுப்பு 1947 நவம்பர் 29 அன்று நடந்தது அந்தக் கூரையின் கீழ்தான். அதற்கும் முன்பே, 1946 டிசம்பர் 8 அன்று, தென்னாப்பிரிக்காவில் இந்தியர்கள் நடத்தப்படும் விதம் பற்றி விஜயலட்சுமி பண்டிட் தலைமையிலான இந்தியக் குழு கொண்டுவந்த முறையீடு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு அங்கேதான் நிறைவேறியது. நேட்டாலில் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன தமிழ்க் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளும் அந்த 'இந்தியர்களில்' அடக்கம். அவர்கள் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்ற கேள்வி உலகத்தின் முன் வந்தது ஒரு பழைய கண்காட்சிக் கொட்டகையில். சபை 1950இல் கிளம்பிப் போனதும் மறுபடியும் சறுக்குத் திடல். இப்போது குவீன்ஸ் அருங்காட்சியகம். 1964 கண்காட்சிக்காகச் செய்த நியூயார்க் நகரத்தின் மாபெரும் மாதிரி அங்கேயே இருக்கிறது. இத்தனை சரித்திரம் நடந்த கட்டடத்தின் படத்தை ஏங்கிப் பெருமூச்சுவிட்டு யாராவது பகிர்ந்து பார்த்திருக்கிறீர்களா? அதுதான் பெட்டியாயிற்றே.

இலங்கை நண்பர்களுக்கு ஒரு செய்தி. அதே 1893 சிகாகோவில் இலங்கைக்கும் தனி அரங்கு இருந்தது. கண்டிப் பாணி, இலங்கையிலிருந்தே கப்பலில் வந்த மரங்களில் செதுக்கு வேலை. முக்கிய நோக்கம் அமெரிக்கர்களைத் தேநீர் குடிக்கப் பழக்குவது. அந்தத் தேயிலையைப் பறித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மலையகத்துக்குப் போன தமிழர்கள். ஆனால் அரங்கின் அழகில் அவர்களைக் காட்டும் எதுவும் தெரியாது. கண்காட்சி முடிந்ததும் சிகாகோ பணக்காரர் ஒருவர் அதை விலைக்கு வாங்கிப் பிரித்து, விஸ்கான்சின் மாநிலத்து ஜெனீவா ஏரிக்கரையில் தம் கோடை மாளிகையாக நிறுத்திக்கொண்டார். பெயர் 'சிலோன் கோர்ட்'. பின்னாளில் இடிக்கப்பட்டுவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், அதே ஏரிக்கரைக்கு இன்னோர் அரங்கும் வந்து சேர்ந்தது. நார்வே நாட்டினுடையது. பழைய மரத் தேவாலயங்களின் பாணியில், கூரை முனைகளில் டிராகன் தலைகள் சீறும் கட்டடம். நார்வேயில் தச்சர்கள் செய்து, பிரித்து, கப்பலேற்றி அனுப்பியது. 1935இல் ஏரிக்கரையிலிருந்து அதே மாநிலத்தில் 'லிட்டில் நார்வே' என்ற தனியார் அருங்காட்சியகத்துக்கு இடம் மாறியது. 2012இல் அந்த அருங்காட்சியகம் மூடப்பட்டபோது, கட்டடம் உருவான ஓர்க்டால் பகுதி மக்கள் எங்களுக்கு வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். அங்கே வேலை செய்த தச்சர்களின் சந்ததியினர் இன்னும் அந்த ஊரில் இருக்கிறார்கள். 2015இல் துண்டு துண்டாகப் பிரித்து எடுத்துப்போய், 2017இல் சொந்த மண்ணில் மீண்டும் நிறுத்தினார்கள். இரண்டும் ஒரே கண்காட்சி, ஒரே ஏரிக்கரை, இரண்டுமே மரம். ஒன்றைக் கேட்டு வர ஓர் ஊர் இருந்தது. மற்றதற்கு இல்லை. சிலோன் கோர்ட்டின் செதுக்கு வேலை செய்தவர்களின் பேரன் பேத்திகள் எந்த ஊரில் இருக்கிறார்களோ, அவர்களுக்கு இப்படி ஒரு வீடு இருந்த செய்தியாவது எட்டியிருக்குமா என்பதே சந்தேகம்.

"அப்படியானால் படங்களுக்குப் பயனே இல்லையா" என்று கேட்பீர்கள். இருக்கிறது. பார்சிலோனாவில் 1929இல் கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ ஜெர்மனிக்காகக் கட்டிய அரங்கு அடுத்த ஆண்டு தொடக்கத்திலேயே பிரிக்கப்பட்டது. ஓராண்டுகூட நிற்காத அந்தக் கட்டடத்தை அடுத்த அரை நூற்றாண்டுக் காலம் கட்டடக்கலை மாணவர்கள் படித்தது சில கறுப்பு வெள்ளைப் படங்களில்தான். அவற்றையும் பழைய வரைபடங்களையும் அகழ்ந்தெடுத்த அடித்தளத்தையும் வைத்து 1983க்கும் 1986க்கும் இடையில் அதே இடத்தில் மீண்டும் கட்டினார்கள். கறுப்பு வெள்ளைப் படம் பளிங்கின் நரம்பைக் காட்டும். கண்ணாடியின் சாயல் என்ன, திரைச்சீலையின் சிவப்பு எந்தச் சிவப்பு என்று சொல்லாது. போகட்டும், அதைவிடப் பெரிய குறை வேறு. அந்த அரங்கில் மீஸோடு சேர்ந்து உழைத்த லில்லி ரைக்கின் பெயர் பல பத்தாண்டுகளுக்குப் பேச்சிலேயே வரவில்லை. கட்டடத்தைப் பத்திரமாகக் காப்பாற்றிய படங்களால் அந்தப் பெண்மணிக்கு ஓர் உதவியும் இல்லை.

எனக்கு உண்மையிலேயே பிடித்தவை மறுவாழ்வில் கொஞ்சமும் கௌரவம் பார்க்காத அரங்குகள். 1958 பிரஸ்ஸல்ஸ் கண்காட்சியின் யூகோஸ்லாவிய அரங்கு, நவீனக் கட்டடக்கலையின் பெருமை, பெல்ஜியத்தில் வெவெல்கம் என்ற ஊரில் பள்ளிக்கூடமாயிற்று. 1967 மாண்ட்ரியலில் நின்ற அதே நாட்டின் அரங்கு கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்குப் போய் கிராண்ட் பேங்க் என்ற மீனவ ஊரில் மாலுமிகள் அருங்காட்சியகமாக இருக்கிறது. யூகோஸ்லாவியா என்ற நாடே இப்போது இல்லை. இரண்டு கட்டடங்களும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தன. 1964 நியூயார்க் கண்காட்சியில் 15 டன்னுக்கு மேல் எடையுள்ள ஒரே பாலாடைக்கட்டியைக் காட்டிக் கூட்டம் சேர்த்த விஸ்கான்சின் அரங்கு, நீல்ஸ்வில் என்ற சிற்றூரில் வானொலி நிலையமாகிவிட்டது. பக்கத்தில் பேசும் பசு மாட்டுப் பொம்மை ஒன்றும் உண்டு. ரசனை கெட்ட காட்சி என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் அதே 1964 கண்காட்சியில் ரசனை உள்ளவர்கள் கொண்டாடிய பிலிப் ஜான்சனின் நியூயார்க் மாநில அரங்கு என்ன ஆனது? சில காலம் சறுக்கு விளையாட்டு, பிறகு கூரைத் தகடுகளை அகற்றிவிட்டு அப்படியே விட்டுவிட்டார்கள். தரையில் பதித்திருந்த மாபெரும் மாநில வரைபடம் மழையிலும் பனியிலும் பெயர்ந்து போனது. பசுவுக்குப் பக்கத்தில் வேலை பார்ப்பது எவ்வளவோ மேல்.

இதுவரை சொன்னதை வைத்து, உபயோகம் இருந்தால் கட்டடம் பிழைக்கும் என்று நான் அடித்துச் சொல்லியிருப்பேன். டெல்லி அதற்கு இடம் கொடுக்கவில்லை. பிரகதி மைதானத்தின் ஹால் ஆஃப் நேஷன்ஸ், சுதந்திரத்தின் 25ஆம் ஆண்டை ஒட்டி 1972இல் நடந்த ஆசிய வர்த்தகக் கண்காட்சிக்காக எழுந்தது. உலகக் கண்காட்சி வகையறாவில் சேராது என்றாலும் அதே ரத்தம். ராஜ் ரெவால் வடிவமைக்க, பொறியாளர் மகேந்திர ராஜ் கணக்குப் போட்டார். உருக்குக்குத் தட்டுப்பாடு என்பதால், மற்ற நாடுகள் உருக்கில் செய்யும், முக்கோணங்களாகப் பின்னிய சட்டகத்தை இங்கே கான்கிரீட்டில், பெருமளவு கையாலேயே வார்த்தார்கள். உள்ளே ஒரு தூண் கூட இல்லாத 78 மீட்டர் அகல மண்டபம். மதன் மஹட்டா அதன் கட்டுமானத்தை எடுத்த படங்களைப் பாருங்கள். கூலியாட்களின் உழைப்பும் கணிதமும் ஒரே சட்டத்துக்குள் இருக்கும்.

45 ஆண்டுகள் உழைத்த மண்டபம் அது. சும்மா கிடக்கவில்லை, பாழடையவும் இல்லை. கட்டடக் கலைஞர்கள் மன்றாடினார்கள், நீதிமன்றம் போனார்கள். அறுபது வயது நிரம்பாத கட்டடம் பாரம்பரியக் கட்டடமாகாது என்பது பதிலாக வந்தது. 2017 ஏப்ரலில் இரவோடு இரவாக இடித்தார்கள். இருபது ஆண்டு அனுமதியோடு நின்ற ஈபிள் கோபுரத்தை, கம்பியில்லாத் தந்திக்கு உதவுகிறது என்பதற்காக 1909இல் விட்டுவைத்தார்களே, அப்போது அதற்கு வயது இருபது. அறுபது என்ற விதி அங்கே இருந்திருந்தால் பாரிஸ் இன்று எதை அஞ்சலட்டையில் அச்சடித்திருக்கும்?

ஹால் ஆஃப் நேஷன்ஸ் படங்கள் இன்று நியூயார்க் அருங்காட்சியகம் வரை போயிருக்கின்றன. மகிழ்ச்சி. ஆனால் அங்கேயும் நமக்குக் கிடைப்பது எழும் கட்டடமும் புதுக் கட்டடமும்தான். நடுவில் இருந்த 45 ஆண்டுகள் எங்கே? வர்த்தகக் கண்காட்சிக்குப் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போனவர்கள், கார் பார்க்கப் போனவர்கள், புத்தகக் கண்காட்சிக்காக ரயிலேறிப் போய்த் தங்கிய தமிழ்ப் பதிப்பாளர்கள், எல்லோரும் பிரகதி மைதானத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படங்கள் எந்தக் காப்பகத்திலும் இல்லை. வீட்டு ஆல்பங்களில் இருக்கின்றன. உங்கள் அப்பாவோ சித்தியோ டெல்லியில் வேலை பார்த்திருந்தால் பழைய ஆல்பத்தை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். பின்னணியில் முக்கோணங்களால் ஆன ஒரு கான்கிரீட் மலை தெரிந்தால், ஆண்டு, எதற்காகப் போனார்கள், படத்தில் இருப்பவர் யார் என்று எழுதி இங்கே போடுங்கள். முகம் காட்ட விருப்பமில்லை என்றால் அந்தப் பகுதியை மறைத்துவிட்டுப் போடலாம். ஆளில்லாத படம் மட்டும் வேண்டாம். அவை என்னிடம் ஏராளமாக இருக்கின்றன.